ஓடைக்கரை நிலத்தின் பரப்பு: நான்கு வழிகளில் எதைத் தேர்வது?

நான்கு பக்கமும் நேராக உள்ள நிலத்தின் பரப்பைக் காண்பதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. மூலைக்கு மூலை டேப்பைப் பிடித்து, இரண்டு முக்கோணங்களாகப் பிரித்தால் வேலை முடிந்துவிடும். ஒரு பக்கம் ஓடையாகவோ வாய்க்காலாகவோ ஏரிக்கரையாகவோ வளைந்து போகும்போதுதான் ஆளுக்கொரு அளவு சொல்லத் தொடங்குகிறார்கள். அண்மையில் இரண்டு வாசகர்கள் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஒருவர் சென்ட் விலை பேசி ஓடைக்கரை நிலம் ஒன்றை வாங்கவிருக்கிறார். விற்பவர் சொல்லும் அளவும் கைபேசிச் செயலி காட்டும் அளவும் ஒத்துவரவில்லை. மற்றவர் அதே போன்ற நிலத்தைத் தம்பியுடன் பங்கு பிரிக்கிறார். எந்தக் கணக்கை நம்புவது என்பதே இருவருக்கும் சந்தேகம்.

பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் படித்தவர்களுக்கு, வளைகோட்டின் கீழுள்ள பரப்பை வரையறுத்த தொகையீட்டால் காணலாம் என்பது நினைவிருக்கும். ஆனால் தொகையிடுவதற்குச் சார்பு வேண்டும். ஓடைக்கரைக்குச் சமன்பாடு ஏது? நம் கையில் இருப்பவை சில இடங்களில் அளந்த சில நீளங்கள் மட்டுமே. அவற்றைக் கொண்டு பரப்பைத் தோராயமாகக் காணும் வழிகள் பல உண்டு. ஊர்ப்புறத்தில் உண்மையிலேயே கைக்கு எட்டும் நான்கை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன்: வரைபடத்தில் கட்டம் எண்ணுதல், சரிவக விதி, சிம்ப்சன் விதி, கைபேசி ஜிபிஎஸ்.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, பிழையின் அளவு, அதுவும் விழுக்காட்டில் அன்றிச் சென்ட்டில். ஏனென்றால் விலை சென்ட்டில்தான் பேசப்படுகிறது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 40.47 சதுர மீட்டர். இரண்டாவது, எல்லையின் குணம்: அது சீராக வளைகிறதா, அல்லது சட்டென்று முறிந்து திரும்புகிறதா என்பது. மூன்றாவது, ஆள், கருவி, நேரம் ஆகியவற்றின் செலவு. நான்காவதைப் பலர் யோசிப்பதே இல்லை: கிடைத்த விடை எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்பதை அந்த முறையே நமக்குச் சொல்லுமா? கடைசியாக, எதிரே நிற்பவர் அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்வாரா என்பதும் முக்கியம். விளங்காத கணக்கு சரியாகவே இருந்தாலும் பேச்சுவார்த்தையில் நிற்காது.

ஒன்றை முன்கூட்டியே தெளிவுபடுத்திவிட வேண்டும். இவற்றில் எதுவும் சட்டப்படியான அளவு ஆகாது. கிரயப் பத்திரத்துக்கும் உட்பிரிவுக்கும் பட்டாவும் புலப்படமும் (நிலத்தின் எல்லையும் அளவுகளும் குறித்த அரசு வரைபடம்) நில அளவரின் அளவீடுமே செல்லும். இங்கே சொல்பவை, பணம் கைமாறும் முன் நாமே சரிபார்த்துக்கொள்வதற்கானவை.

எடுத்துக்காட்டு நிலம்

நான்கு முறைகளையும் ஒரே நிலத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயம். வண்டிப்பாதையை ஒட்டி 60 மீட்டர் நேரான முகப்பு. பின்புறம் வெளிப்பக்கமாகப் புடைத்து வளைந்த ஓடை. இரு பக்கங்களிலும் பாதைக்குச் செங்குத்தான வரப்புகள். பாதையோரம் கயிறு கட்டி, 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலிருந்தும் ஓடைக்கரை வரை செங்குத்தாக அளந்தால் வருபவை: 18.0, 22.4, 25.1, 26.0, 25.2, 22.3, 18.2 மீட்டர். மொத்தம் ஏழு அளவுகள், ஆறு இடைவெளிகள்.

1. கட்டம் எண்ணுதல்

புலப்படத்தின் மேல் கண்ணாடித் தாளில் கட்டம் போட்டு, முழுக் கட்டங்களை அப்படியே எண்ணி, எல்லை வெட்டிச் செல்லும் கட்டங்களில் பாதியைச் சேர்த்துக்கொள்வது இந்த முறை. 1:1000 அளவில் உள்ள படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 1 மீட்டர். ஆகவே ஒரு சிறு கட்டம் ஒரு சதுர மீட்டர். யாருக்கும் விளக்கிச் சொல்லலாம். வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு தாளில்தான் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோட்டின் உள்விளிம்பை ஒருவரும் வெளிவிளிம்பை இன்னொருவரும் எல்லையாகக் கொண்டால், சுமார் 159 மீட்டர் சுற்றளவுள்ள நம் நிலத்தில் ஏறக்குறைய 80 சதுர மீட்டர், அதாவது சுமார் 2 சென்ட், வேறுபாடு வரும். ஜெராக்ஸ் எடுத்த படம் இதைவிட ஆபத்தானது. நகல் 2 விழுக்காடு பெரிதாகியிருந்தால் பரப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு கூடிவிடும். நம் நிலத்துக்கு அது ஏறக்குறைய 1.4 சென்ட். படத்தில் எழுதப்பட்டுள்ள ஒரு நீளத்தை அளவுகோலால் சரிபார்க்காமல் கட்டம் எண்ணத் தொடங்கக் கூடாது.

நிலத்துக்குப் போக முடியாதபோது, பத்திரத்தில் சொல்லப்படும் பரப்பில் பெரிய தவறு ஏதேனும் உள்ளதா என்று வீட்டிலிருந்தே பார்க்க இது போதும். விலை பேச இதை வைத்துக்கொள்ள வேண்டாம். (இதே வேலைக்காகச் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் ஆம்ஸ்லர் 1854இல் உருவாக்கிய பிளானிமீட்டர் என்ற கருவி, எல்லைக்கோட்டின் மேல் முனையை ஒரு சுற்று ஓட்டினாலே பரப்பைச் சொல்லிவிடும். ஆனால் கோட்டின் தடிமனும் நகலின் நீட்சியும் அதையும் விடாது.)

2. சரிவக விதி

அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் முனைகளை நேர்கோட்டால் இணைத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு சரிவகம். முதல் அளவையும் கடைசி அளவையும் கூட்டிப் பாதியாக்கி, நடுவிலுள்ளவற்றை முழுதாகச் சேர்த்து, இடைவெளியால் பெருக்க வேண்டும். நம் நிலத்துக்கு: (18.0 + 18.2) ÷ 2 = 18.1, நடுவிலுள்ள ஐந்தின் கூட்டுத்தொகை 121.0, ஆக 139.1 × 10 = 1391 சதுர மீட்டர், அதாவது 34.37 சென்ட்.

இந்த முறையின் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கணக்குப் போடும் முன்பே சொல்லிவிடலாம். எல்லை வெளியே புடைத்திருந்தால் நேர்கோடுகள் வளைவுக்கு உட்புறமாகவே விழும். ஆகவே பரப்பு குறைந்து வரும், வாங்குபவருக்கு இலாபம். ஓடை நிலத்துக்குள் குடைந்து வந்திருந்தால் பரப்பு கூடி வரும், விற்பவருக்கு இலாபம். ஒரே ஓடை ஓரிடத்தில் புடைத்தும் வேறோரிடத்தில் குடைந்தும் ஓடினால் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று தின்றுவிடும்.

எவ்வளவு பிழை என்பதையும் அதே அளவுகளிலிருந்து எடுக்கலாம் என்பதுதான் எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது. ஒன்று விட்டு ஒன்றாக நான்கு அளவுகளை மட்டும் எடுத்து, 20 மீட்டர் இடைவெளியில் மீண்டும் கணக்குப் போடுங்கள்: (18.1 + 25.1 + 25.2) × 20 = 1368 சதுர மீட்டர். சீரான வளைவில் இடைவெளியைப் பாதியாக்கினால் சரிவக விதியின் பிழை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். ஆகவே இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடான 23 சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 7.7 சதுர மீட்டர், 1391 என்ற விடையில் இன்னும் மிச்சமிருக்கும் பிழை. கூடுதலாக ஒரு மீட்டர்கூட அளக்காமல் இந்தத் தகவல் கிடைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. புலப்படத்தில் எல்லை வளைகோடாக ஓடுவதில்லை. திருப்பங்களிலுள்ள புள்ளிகள் நேர்கோடுகளால் இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே பட்டாவிலுள்ள பரப்போடு ஒப்பிட வேண்டுமானால், படத்திலுள்ள அதே புள்ளிகளுக்குச் சரிவகங்களாகக் கணக்கிடுவதே ஒத்துவரும். பழைய படங்களில் அளவுகள் லிங்க்கில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. எட்மண்ட் குன்ட்டர் 1620 வாக்கில் வகுத்த 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். சதுர லிங்க்கில் வரும் விடையை 1000ஆல் வகுத்தால் நேரே சென்ட் கிடைத்துவிடும்.

இதில் மறைந்திருக்கும் செலவு செங்குத்துதான். முளையிலிருந்து கண்மட்டமாக டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கோணம் சாய்ந்துவிடும். நான் முதன்முதலாக இப்படி அளந்தபோது, கருவேலம் புதர் ஒன்றைச் சுற்றிப் போவதற்காக டேப்பைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்தேன். அந்த ஓர் அளவு மட்டும் இரு பக்கத்து அளவுகளோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. 15 டிகிரி சாய்ந்தால் நீளம் மூன்றரை விழுக்காடு வரை கூடுதலாக வரும். 3, 4, 5 மீட்டர் பக்கங்கள் கொண்ட கயிற்று முக்கோணத்தை ஒவ்வொரு முளையிலும் வைத்துப் பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது. நிலம் சரிவாக இருந்தால் டேப்பைப் படிப்படியாகக் கிடைமட்டத்தில் பிடித்தே அளக்க வேண்டும். 10 டிகிரி சரிவில் தரையோடு தரையாக அளந்தால் ஒன்றரை விழுக்காடு ஏறிவிடும்.

3. சிம்ப்சன் விதி

அடுத்தடுத்த மூன்று புள்ளிகளின் வழியே நேர்கோட்டுக்குப் பதிலாகப் பரவளையம் என்ற வளைகோட்டைச் செலுத்துவது இந்த முறை. முதலும் கடைசியும் அப்படியே. இரண்டாவது, நான்காவது, ஆறாவது அளவுகள் நான்கு மடங்கு. மூன்றாவதும் ஐந்தாவதும் இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் கூட்டி, இடைவெளியால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். 36.2 + 282.8 + 100.6 = 419.6, அதை 10ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 1398.7 சதுர மீட்டர், 34.56 சென்ட்.

சரிவக விடையான 1391உடன் மேலே கண்ட பிழையான 7.7ஐக் கூட்டிப் பாருங்கள்: அதே 1398.7. இது தற்செயல் அன்று. சரிவக விதியை இரண்டு இடைவெளிகளில் போட்டு, வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்ப்பதும் சிம்ப்சன் விதியும் இயற்கணிதப்படி ஒன்றே. ஆகவே சிம்ப்சன் விதியின் பெருக்கு எண்களை மனப்பாடம் செய்ய விரும்பாதவர்கள் சரிவக விதியை இருமுறை போட்டாலே போதும்.

தாமஸ் சிம்ப்சன் (1710–1761) பெயரால் வழங்கினாலும் இதன் வேர் இன்னும் பழையது. 1613இல் தம் இரண்டாம் திருமணத்துக்காக லின்ஸ் நகரில் மது வாங்கிய வானியலாளர் கெப்ளர், வணிகர் பீப்பாயின் துளை வழியே கோலைச் சாய்த்து விட்டு, நனைந்த நீளத்தைக் கொண்டே விலை சொல்வதைக் கண்டு ஐயம் கொண்டார். 1615இல் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஜெர்மன் மொழியில் இந்த விதி இன்றும் கெப்ளரின் பீப்பாய் விதி என்றே அழைக்கப்படுகிறது. வாங்குபவரின் சந்தேகத்திலிருந்து பிறந்த கணக்கு என்பதால் நம் வாசகருக்கும் இது பொருந்தும்.

சீரான வளைவில் இந்த விதி அசத்தும்: இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை ஏறத்தாழ பதினாறில் ஒன்றாகும். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. இடைவெளிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவும் அவை சம நீளமாகவும் இருக்க வேண்டும். எட்டாவது முளை ஒன்று 6 மீட்டரில் முடிந்தால் அந்த வால்துண்டைத் தனியே சரிவகமாகத்தான் சேர்க்க வேண்டும். அடுத்தது இதைவிடப் பெரியது. எல்லை முறிந்து திரும்பும் இடத்தில் பரவளையம் ஏமாற்றிவிடும். அளவுகள் 20, 20, 20, 20, 26, 32, 38 என்று இருக்கட்டும். அதாவது நேராக வந்த வரப்பு நான்காவது முளையில் திரும்பி மீண்டும் நேராகப் போகிறது. உண்மைப் பரப்பு 1470 சதுர மீட்டர். சரிவக விதி அதைத் துல்லியமாகச் சொல்கிறது. சிம்ப்சன் விதியோ 1460 என்கிறது. உயர்ந்த முறை என்று பெயர் வாங்கியது கால் சென்ட் குறைத்துச் சொல்கிறது. வரப்பு மூலைகள், கான்கிரீட் வாய்க்கால் திருப்பங்கள், கிணற்று மேடு துருத்தும் இடங்கள் ஆகியவற்றில் சிம்ப்சன் விதியைப் போடாதீர்கள். முறியும் இடத்தில் முளை அடித்து, இரு பக்கங்களையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

4. கைபேசி ஜிபிஎஸ்

எல்லையைச் சுற்றி ஒரு நடை நடந்தால் செயலி பரப்பைக் காட்டிவிடும். ஆள் துணை தேவையில்லை, செலவும் இல்லை. அதனாலேயே இன்று பலரும் முதலில் நாடுவது இதைத்தான்.

செயலிக்குள்ளே நடப்பதும் சரிவகக் கணக்குதான். நாம் கடந்த புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள சரிவகங்களைக் கூட்டியும் கழித்தும் விடை சொல்கிறது. கணக்கில் பிழை இல்லை, புள்ளிகளில்தான் பிழை. கைபேசியின் துல்லியம் திறந்த வானத்தின் கீழே பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் என்பது ஜிபிஎஸ்ஸை நடத்தும் அமெரிக்க அரசே சொல்லும் கணக்கு. தென்னந்தோப்பின் நிழலில் இன்னும் மோசமாகும். எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் வடிவம் அப்படியே நகரும், பரப்பு மாறாது. ஆனால் நம் நிலத்தின் 60 மீட்டர் பக்கம் மட்டும் 2 மீட்டர் விலகிப் பதிவானால் 120 சதுர மீட்டர், ஏறக்குறைய 3 சென்ட், கூடியோ குறைந்தோ வரும். 34 சென்ட் நிலத்தில் 3 சென்ட் என்பது விளையாட்டு அன்று.

அதே 2 மீட்டர் விலகல், 200 மீட்டர் பக்கமுள்ள 10 ஏக்கர் தோப்பில் 10 சென்ட்டை மாற்றும். ஆனால் அது மொத்தத்தில் ஒரு விழுக்காடுதான். ஆகவே நிலம் பெரிதாகப் பெரிதாக ஜிபிஎஸ் நம்பத்தக்கதாகிறது, டேப்போ தாங்க முடியாத வேலையாகிறது. உழவுக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் கூலி பேச ஜிபிஎஸ் தாராளமாகப் போதும். செயற்கைக்கோள் படத்தில் விரலால் எல்லையைத் தொட்டு அளப்பவர்கள், கரையோர மரங்களின் தழை எல்லையை மறைப்பதையும் அந்தப் படம் எந்த மழைக்காலத்துக்கு முந்தையது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | கட்டம் எண்ணுதல் | சரிவக விதி | சிம்ப்சன் விதி | கைபேசி ஜிபிஎஸ் |
|---|---|---|---|---|
| எடுத்துக்காட்டு நிலத்தில் | 1 முதல் 2 சென்ட் வரை பிழை வரலாம் | 34.37 சென்ட் | 34.56 சென்ட் | 3 சென்ட் வரையிலும் பிழை வரலாம் |
| சீரான வளைவு | பரவாயில்லை | நன்று | மிக நன்று | பரவாயில்லை |
| முறியும் எல்லை | பரவாயில்லை | முறிவில் முளை இருந்தால் துல்லியம் | தவிர்க்கவும் | பரவாயில்லை |
| ஆளும் நேரமும் | ஒருவர், மேசை | இரண்டு பேர், அரை நாள் | இரண்டு பேர், அரை நாள் | ஒருவர், ஒரு நடை |
| பிழையைத் தானே சொல்லுமா | சொல்லாது | சொல்லும் | இன்னும் நெருக்கமாக அளந்தால் | மீண்டும் நடந்து பார்த்தால் ஓரளவு |
| மறைந்திருக்கும் செலவு | நகலின் நீட்சி, கோட்டின் தடிமன் | செங்குத்து, சரிவு | அவற்றோடு சம இடைவெளியும் இரட்டைப்படை எண்ணிக்கையும் | மரநிழல், சிறு நிலம் |

அட்டவணையில் அடங்காத ஒன்று உண்டு: ஓடையின் கரை எது என்பது. தண்ணீர் நிற்கும் இடமா, மேட்டின் விளிம்பா? அந்தத் தீர்மானம் 10 சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே 60 மீட்டருக்கு 6 சதுர மீட்டர் மாறிவிடும். சரிவகத்துக்கும் சிம்ப்சனுக்கும் உள்ள வேறுபாடே 7.7தான். விதியைப் பற்றி வாதாடும் முன் இரு தரப்பும் கரையோரம் ஒன்றாக நடந்து, எதுவரை அளப்பது என்று முளை அடித்துக்கொள்வது நல்லது.

பரப்புக்குப் பதில் குழியின் கொள்ளளவு என்றால்

பண்ணைக்குட்டை வெட்டுபவர்களுக்கு இந்தத் தேர்வு நேரடியாகப் பணம். மேலே 20க்கு 20 மீட்டர், அடியில் 14க்கு 14, ஆழம் 2 மீட்டர் கொண்ட குட்டையில் மேல்பரப்பையும் அடிப்பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி ஆழத்தால் பெருக்குவது வழக்கம்: 596 கன மீட்டர். இது சரிவக விதியேதான். நடு ஆழத்திலுள்ள 17க்கு 17 மீட்டர் பரப்பையும் எடுத்துச் சிம்ப்சன் முறையில் கணக்கிட்டால் 584 கன மீட்டர்; பக்கங்கள் ஒரே சரிவாக இறங்கும் குட்டைக்கு இது துல்லியமான கொள்ளளவே. வேறுபாடு 12 கன மீட்டர், அதாவது 100 கன அடி யூனிட் கணக்கில் நான்கு யூனிட்டுக்கும் மேல். வெட்டாத மண்ணுக்குக் கூலி கொடுப்பதா என்று கேட்பவர் நடுவில் ஓர் அளவு கூடுதலாக எடுத்தால் போதும்.

யாருக்கு எது

சென்ட் விலைக்கு வாங்கவிருக்கும் வாசகர் டேப்பை எடுப்பதே முறை. 34 சென்ட் நிலத்துக்குச் செயலியின் எண்ணைப் பேச்சில் வைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் சரிவக விதியை 20, 10 மீட்டர் இடைவெளிகளில் போட்டுப் பார்க்கட்டும். எல்லை சீராக வளைந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துச் சிம்ப்சன் விடையைக் கேட்கலாம். நம் எடுத்துக்காட்டில் அந்தச் சேர்க்கை விற்பவருக்குச் சாதகம் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு விலை இரு தரப்புக்கும் பெரிதில்லை என்றால் 1391லேயே முடித்துக்கொள்ளலாம்.

பங்கு பிரிப்பவருக்கு என் பரிந்துரை சரிவக விதி மட்டுமே. முகப்பை 30 மீட்டரில் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு மூன்றே இடைவெளிகள்தான் வரும். சிம்ப்சன் விதி அங்கே பொருந்தாது. அது தேவையும் இல்லை. ஓடை இரு பங்குகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைவதால் சரிவக விதி விட்டுவிடும் மண்ணும் இருவருக்கும் ஏறக்குறையச் சமமாகவே விட்டுப்போகும். அதன்படி முதல் பங்கு 695 சதுர மீட்டர், இரண்டாவது 696. இரண்டையும் சமமாக்க வேண்டுமானால், 26 மீட்டர் நீளமுள்ள நடு வரப்பை இரண்டாவது பங்கின் பக்கம் 2 சென்டிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். மண்வெட்டியின் ஒரு வீச்சே அதைவிட அகலம்.